கால் சுற்றுத் திருகு: 11 ஸ்பெக்ட்ரம் கேசட்டுகளை மீட்ட கதை

போன மாதக் கடைசி ஞாயிறு, மதியச் சாப்பாடு முடிந்து மூன்றரை மணி இருக்கும். லேப்டாப் திரையின் ஓரத்தில் சிவப்பும் வெளிர்நீலமுமாகப் பட்டைகள் ஓடின. பிறகு மஞ்சளும் நீலமும். பட்டை நின்றது, எர்ரர் எதுவும் வரவில்லை. 35 வருஷத்துக்கு மேல் பரணில் கிடந்த, ஸ்பெக்ட்ரம் என்ற பழைய வீட்டுக் கம்ப்யூட்டரின் கேசட்டிலிருந்து ஒரு கோப்பு சேதாரமில்லாமல் ஏறி உட்கார்ந்துவிட்டது. இந்த வேலைக்கு எனக்கு ஏழு வாரம் பிடித்தது. அதில் ஐந்து வாரம் வெட்டி வேலை. அந்த ஐந்து வாரத்தைத்தான் விவரமாக எழுதப் போகிறேன், ஏனென்றால் மீதி இரண்டு வாரத்தில் சொல்ல அதிகமில்லை.

பெரியப்பா திருமங்கலத்தில் தட்டச்சுப் பயிலகம் வைத்திருந்தார். 80களின் கடைசியில் இனிமேல் எல்லாம் கம்ப்யூட்டர்தான் என்று யாரோ சொல்ல, ஒரு ஸ்பெக்ட்ரம் பிளஸ் வாங்கினார். இங்கிலாந்தின் சின்க்ளேர் நிறுவனத்து வடிவம். டெசிபெல்ஸ் நிறுவனம் உரிமம் வாங்கி இங்கே விற்றது. 48 கிலோபைட் நினைவகம். டிஸ்க் கிடையாது. வீட்டு டி.வி.தான் திரை, வீட்டு டேப் ரெக்கார்டர்தான் சேமிப்பு. கம்ப்யூட்டரின் மைக் துளையிலிருந்து ஒரு ஒயர் டேப்புக்குப் போகும், டேப்பிலிருந்து இயர் துளைக்கு ஒரு ஒயர் வரும். எழுதிய புரோகிராம் எல்லாம் பாட்டு கேசட்டில் கீச்சொலியாகப் பதிவாகும்.

அந்த கேசட்டுகள் 11. டிரங்குப் பெட்டியில், பழைய ரிப்பன் டப்பாக்களோடு கிடந்தன. கம்ப்யூட்டரைத் தூக்கிப் பார்த்தேன். விசைப்பலகைக்கு அடியில் உள்ள பிளாஸ்டிக் ஏடு மடங்கிய இடத்திலேயே ஒடிந்திருந்தது. அதை அப்படியே வைத்துவிட்டேன். எனக்கு வேண்டியது உள்ளே இருந்த புரோகிராம்கள். அவற்றைக் கோப்பாக்கிவிட்டால், பழைய கம்ப்யூட்டரைப் போலவே நடிக்கும் எமுலேட்டர் ஒன்றில், ஃப்யூஸ் மாதிரி, லேப்டாப்பிலேயே ஓட்டிக்கொள்ளலாம்.

முதல் தப்பு, கடையில் பொருளாக இருக்கிறதே என்று வாங்கியது. கேசட்டைப் போட்டு யு.எஸ்.பி.யில் மாட்டினால் நேராக லேப்டாப்பில் பதிவாகும் என்று ஒரு வாக்மேன் மாதிரிப் பெட்டி, 1,350 ரூபாய். பாட்டு கேசட் போட்டால் பாடுகிறது. பெரியப்பாவின் கேசட் போட்டால் 'பீ...' என்ற ஆரம்ப ஒலி வரும், சில நொடியில் தேய்ந்து காணாமல் போய்விடும். அடுத்து 'கிர்ர்ர்' என்று டேட்டா வர வேண்டிய இடத்தில் தண்ணீருக்குள் யாரோ பேசுவது போல ஒரு சத்தம்.

ஆரம்ப ஒலி தேய்ந்ததற்கு கேசட் காரணமில்லை என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனது. லேப்டாப்பில் ஒலி உள்ளீட்டுக்கு 'மேம்பாடு' என்று ஒரு வசதி தானாகவே போட்டிருந்தது. மீட்டிங்கில் பேசும்போது மின்விசிறிச் சத்தம் வராமல் வடிகட்டும் வசதி அது. தொடர்ந்து ஒரே மாதிரி கேட்கும் எதையும் இரைச்சல் என்று அது அமுக்கும். ஸ்பெக்ட்ரம் கேசட்டில் ஒவ்வொரு கோப்புக்கும் முன்னால் ஐந்து நொடி ஒரே சுருதியில் ஒலி வரும். அமுக்காமல் என்ன செய்யும்? அதை அணைத்தேன். ஐந்து நொடியும் முழுசாக வந்தது. டேட்டா மட்டும் அப்படியே தண்ணீருக்குள் இருந்தது.

இரண்டாவது தப்பு இன்னும் மோசம். மூன்று வாரம் மென்பொருளோடு மல்லுக்கட்டினேன். ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் இரைச்சல் நீக்கம், பாஸ் குறைப்பு, ட்ரெபிள் ஏற்றம், மறுபடி ஏற்றம். முதல் நாலு கேசட்டை இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று எம்பி3யாகப் பதிந்து வைத்திருந்தேன், அது தனிக் கூத்து. எம்பி3 நம் காதுக்குத் தெரியாததைத் தூக்கி எறிந்து சுருக்குவது. கம்ப்யூட்டர் கேட்பதோ அலையின் நீளத்தை. ஓர் அலை எங்கே பூஜ்யக் கோட்டைத் தாண்டுகிறது, அடுத்தது எங்கே தாண்டுகிறது, இடைவெளி எவ்வளவு, அவ்வளவுதான் அதற்குக் கணக்கு. நான் 'சுத்தம்' செய்யச் செய்ய அந்தத் தாண்டும் இடங்கள்தான் நகர்ந்துகொண்டே இருந்தன. கேட்பதற்கு நன்றாக இருக்கிறது என்று நினைத்த பதிவிலிருந்து ஒரு பைட் கூட வெளியே வரவில்லை.

சலித்துப் போய், பெரியப்பா அந்தக் காலத்தில் பயன்படுத்திய டேப் ரெக்கார்டரையே எடுத்தேன். செங்கல் அளவு, மோனோ, கைப்பிடி உடைந்தது. மோட்டார் உறுமுகிறது, ரீல் சுற்றவில்லை. பின்மூடியைக் கழற்றினால் பெல்ட் இருந்த இடத்தில் பெல்ட் இல்லை. கறுப்புத் தார் இருந்தது. பழைய ரப்பர் உருகி, புல்லியைச் சுற்றி, தகட்டின் மேல், என் விரலில், பிறகு என் சட்டையில். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் காது குடையும் பஞ்சுக் குச்சியும் கொண்டு துடைத்தேன். 40 குச்சி ஆனது. சோப்புக்குப் போகாது, மண்ணெண்ணெய்க்கும் முழுசாகப் போகாது. எனக்குக் கைகொடுத்தது ஆல்கஹால்தான்.

பெல்ட் அளவு எடுக்க நான் செய்தது: புல்லிகளைச் சுற்றி ஒரு தையல் நூலை பெல்ட் ஓடும் பாதையிலேயே போட்டு, இழுக்காமல், முனைகள் சேரும் இடத்தில் பேனாவால் புள்ளி வைத்தேன். நீட்டி அளந்தால் 232 மி.மீ. பெல்ட் இதைவிட ஐந்து சதவீதம் குறைவாக இருந்தால் சரியான இறுக்கம் வரும், 220 மி.மீ. சுற்றளவு என்றால் வட்டமாக வைக்கும்போது 70 மி.மீ. விட்டம். டவுன்ஹால் ரோட்டில் இரண்டு கடையில் 'கேசட் பெல்ட்டா, இப்ப யார் சார் கேக்குறா' என்றார்கள். மூன்றாவது கடையில் பெரியவர் ஒருவர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய், பூக்காரம்மா சரம் தூக்குவது போல ஒரு கொத்தை எடுத்து வந்தார். ஸ்கேலை வைத்து 70ஐப் பொறுக்கினேன். ஒன்று 40 ரூபாய். ஒன்று போதும் என்று தெரிந்தும் இரண்டாக வாங்கினேன்.

மூடியைத் திரும்ப மாட்டும்போது ஒன்றைக் கவனித்தேன். கேசட் கதவின் பிளாஸ்டிக்கில், கீழே வலது பக்கமாக, ஒரு ஓட்டை. சுட்ட ஆணியால் குத்தியது போல ஓரம் உருகிப் போயிருந்தது. தூசி போகக் கூடாதே என்று அதன் மேல் செல்லோ டேப் ஒட்டினேன். இது பின்னால் வரும்.

அடுத்து வேகம். எத்தனை வேகத்தில் ஓட வேண்டும் என்று தெரிந்துகொள்ள இந்த கேசட்டுகளிலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது, அதுதான் அந்த ஐந்து நொடி ஆரம்ப ஒலி. ஸ்பெக்ட்ரமின் உள்ளே 3.5 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தை எண்ணி எண்ணி அந்த ஒலியை உண்டாக்குகிறது. அரை அலைக்கு 2,168 துடிப்பு, ஆகவே நொடிக்கு 807 அலை. இது மாறாது. கேசட்டை ஓடவிட்டு, அந்த ஒலியில் ஒரு நொடியை ஆடாசிட்டியில் தேர்ந்து அதிர்வெண் பார்த்தால் எனக்கு 771 வந்தது. நாலரை சதவீதம் மந்தம். மோட்டாரின் பின்பக்கம் ஒரு சின்ன ரப்பர் மூடி இருக்கும். அதை எடுத்தால் உள்ளே வேகத்தை மாற்றும் ஸ்க்ரூ ஒன்று. மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் மயிரிழை திருகி, மறுபடி பதிந்து, மறுபடி பார்த்து, 806க்குக் கொண்டுவந்தேன். அந்த ஒன்றை விட்டுவிட்டேன். பெல்ட் ஆடுவதிலேயே அதைவிட அதிகம் போகும்.

நாடாவைப் படிக்கும் ஹெட்டைத் துடைத்ததில் பஞ்சு செம்பழுப்பாக வந்தது. ஏழாவது குச்சிதான் வெள்ளையாக வந்தது. மூன்று கேசட்டுகளில் நடுவில் இருக்கும் பஞ்சுத் திண்டு, நாடாவை ஹெட்டோடு அணைத்துப் பிடிப்பது, பசை காய்ந்து கழன்று உள்ளேயே உருண்டுகொண்டிருந்தது. அது இல்லாமல் ஓட்டினால் ஒலி ஏறி இறங்கும். பெரியம்மாவிடம் கேட்டு, ஐந்து ஸ்க்ரூ போட்ட பழைய பக்திப் பாட்டு கேசட் மூன்றை வாங்கி, நாடாவை மட்டும் கூடு மாற்றினேன். ஒட்டு போட்ட கூடாக இருந்தால் பிளேடால் விளிம்பைக் கீற வேண்டியிருக்கும். கூடு மாற்றும்போது இரண்டு பக்கமும் வழுக்குத் தாள் இருக்கிறதா, நாடா இரண்டு மூலை உருளையையும் சுற்றிப் போகிறதா என்று பார்த்துவிட்டு மூடுங்கள். நான் ஒன்றில் உருளையை விட்டுவிட்டேன். நாடா மடிந்து இரண்டு அங்குலத்துக்குச் சுருக்கம் விழுந்துவிட்டது.

இத்தனைக்கும் பிறகு பதிந்தேன். பழையதைவிடப் பரவாயில்லை, ஆனால் தண்ணீர்ச் சத்தம் போகவில்லை. தேறிய கோப்பு, 11 கேசட்டுக்கும் சேர்த்து, நாலு.

சனிக்கிழமை சாயங்காலம் பெரியப்பா காப்பி டம்ளரோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கு இப்போது 78. காது கொஞ்சம் மந்தம், ஆனால் அந்த ஒலியைக் கேட்டதும் முகம் சுளித்தார்.

"என்னடா இது, மூக்கடச்ச மாதிரி இருக்கு?"

"கேசட் பழசாகிருச்சு பெரியப்பா."

"கேசட்டுல ஒண்ணும் இல்ல. ஹெட்டுக்குப் பக்கத்துல ஸ்பிரிங் வச்ச ஸ்க்ரூ ஒண்ணு இருக்கும்ல, அத அங்குட்டும் இங்குட்டும் திருகிப் பாத்தியா?"

"அதைத் தொடக் கூடாதுன்னு போட்டுருந்துச்சு."

"எவன் சொன்னான்? அதுக்குத்தானடா கதவுல ஆணிய சுட்டு ஓட்டை போட்டேன். எங்க அந்த ஓட்டை?"

நான் செல்லோ டேப்பை உரித்தேன்.

அவர் கையாலேயே செய்தார். கேசட்டை ஓடவிட்டு, ஓட்டை வழியாகச் சின்ன நட்சத்திர ஸ்க்ரூடிரைவரை விட்டு, காதை ஸ்பீக்கரோடு ஒட்டிக்கொண்டு, இடது பக்கம் கால் சுற்று. போர்வையை யாரோ உருவியது போலச் சத்தம் கூர்மையானது. இன்னும் கொஞ்சம் போனதும் மறுபடி மங்கியது. திரும்பி வந்து நடுவில் நிறுத்தினார். மொத்தம் ஒரு நிமிஷம் இருக்கும். காப்பி ஆறவில்லை.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்ததில் எனக்கே வெட்கமாக இருந்தது. கேசட் நாடா நொடிக்கு 4.76 செ.மீ. ஓடுகிறது. ஸ்பெக்ட்ரமில் பூஜ்யம் என்ற பிட் நொடிக்கு ஏறக்குறைய 2,047 அலை, ஒன்று என்ற பிட் அதில் பாதி. அப்படியானால் பூஜ்யத்தின் ஓர் அலை நாடாவில் எடுத்துக்கொள்ளும் நீளம் 23 மைக்ரான். மோனோ ஹெட் படிக்கும் தடத்தின் அகலம் 1.5 மி.மீ. ஹெட்டின் கீறல் நாடாவுக்குச் செங்குத்தாக இல்லாமல் 0.9 டிகிரி சாய்ந்திருந்தால், தடத்தின் மேல் ஓரமும் கீழ் ஓரமும் சரியாக ஓர் அலை தள்ளிப் படிக்கும். ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று தின்று பூஜ்யங்கள் காணாமல் போகும். ஒன்றுகள் அரைகுறையாகப் பிழைக்கும். ஆரம்ப ஒலி இன்னும் நீளமான அலை, அதனால் அது கிட்டத்தட்ட முழுசாகக் கேட்கும். நான் மூன்று வாரம் மென்பொருளில் ட்ரெபிள் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஹெட்டே படிக்காத அலையை எதைப் போட்டு ஏற்றுவது?

அந்த 1,350 ரூபாய்ப் பெட்டி ஏன் அப்படி நடந்துகொண்டது என்பதும் புரிந்தது. அது ஸ்டீரியோ ஹெட். இடது வலது இரண்டையும் கலந்து மோனோவாகப் பதிந்தேன், அங்கேயும் அதே தின்னல். ஒரு சேனலை மட்டும் எடுத்திருந்தால் தடத்தின் அகலம் 0.6 மி.மீ.தான், சாய்வைப் பொறுத்துக்கொள்ளும் அளவு இரண்டரை மடங்கு கூடியிருக்கும். கலக்காமல் இருந்திருந்தால் அதிலேயே பாதி வேலை முடிந்திருக்கலாம்.

எல்லா கேசட்டுக்கும் ஒரே திருகு நிலை ஒத்துவரவில்லை. ஆறு கேசட் ஒரு நிலையில், மூன்று அதிலிருந்து கால் சுற்று வலது பக்கம், இரண்டு எங்கேயோ. அந்த மூன்றும் இடையில் ரெக்கார்டரை ரிப்பேருக்குக் கொடுத்து வாங்கிய பிறகு பதிந்தவை என்றார் பெரியப்பா. மெக்கானிக் ஹெட் மாற்றியிருந்தாராம். இரண்டும் விருதுநகர் சிநேகிதர் ஒருவர் தன் வீட்டு டேப்பில் பதிந்து கொடுத்தவை. எந்த மெஷினில் பதிந்ததோ அந்த மெஷினின் கோணலோடுதான் கேசட் வரும். ஸ்க்ரூவின் தலையிலும் பக்கத்துத் தகட்டிலும் மகளின் நகப்பூச்சால் இரண்டு நிறத்தில் புள்ளி வைத்து, கேசட்டுகளிலும் அதே நிறம் வைத்தேன். விருதுநகர் கேசட்டுகளுக்கு வீட்டு மெஷினில் ஸ்க்ரூ எட்டவில்லை. பழைய ஸ்டீரியோ டெக் ஒன்றை 900 ரூபாய்க்கு வாங்கி, இடது சேனலை மட்டும் எடுத்துச் சரிக்கட்டினேன். ஒரு எச்சரிக்கை: ஸ்க்ரூடிரைவர் காந்தம் ஏறியதாக இருக்கக் கூடாது. ஆணி ஒட்டுகிறதா என்று பார்த்துவிட்டு ஹெட் பக்கம் கொண்டுபோங்கள்.

பதியும் ஏற்பாடு சுலபம். 190 ரூபாய் யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு. ரெக்கார்டரின் இயர்போன் துளையிலிருந்து வருவது ஸ்பீக்கரை ஓட்டும் பலம்; கார்டின் மைக் துளைக்கு அது வெள்ளம். ஒலியைக் குறைத்து வைத்தால் இந்த மெஷினில் கரகரப்பு வந்தது. அதனால் நடுவில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று வரிசையில், 1 கிலோ ஓம் ஒன்று தரைக்கு. சமிக்ஞை பதினொன்றில் ஒரு பங்காகும். மைக் துளையிலிருந்து வெளியே வரும் சின்ன மின்னழுத்தத்தைத் தடுக்க 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று. எல்லாவற்றையும் தீப்பெட்டிக்குள் அடக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டேன். பதிவு 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ, வேவ் கோப்பு, எந்த வடிகட்டியும் இல்லாமல். அலையின் உச்சி மேல் கோட்டில் பாதிக்குக் கொஞ்சம் மேலே நிற்கும்படி ஒலி அளவு. அரை மணி நேரப் பக்கம் ஒன்று ஏறக்குறைய 159 எம்பி வரும்.

வேவ் கோப்பிலிருந்து ஸ்பெக்ட்ரம் கோப்பு எடுக்க டி.இசட்.எக்ஸ். டூல்ஸ் என்ற இலவசத் தொகுப்பைப் பயன்படுத்தினேன், பைத்தானில் எழுதியது. அதில் ஒரு கருவி அலைகளைப் படித்து டேப் கோப்பாக்கும், இன்னொன்று உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் போடும், இன்னொன்று பேசிக் மொழிப் புரோகிராமை வாசிக்கும் எழுத்தாக எடுத்துத் தரும். திருகு சரியான பிறகு இந்தக் கட்டத்தில் எழுத ஒன்றுமில்லை. பக்கத்துக்கு ஒரு கட்டளை, தேநீர் குடித்துவிட்டு வந்தால் பட்டியல் தயார்.

தொல்லை கொடுத்தவை நாடாவில் புள்ளி விழுந்த கோப்புகள். ஸ்பெக்ட்ரம் ஒவ்வொரு கோப்பின் கடைசியிலும் ஒரு சரிபார்ப்பு பைட் வைக்கும். தப்பு இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் அது சொல்லும், எங்கே என்று சொல்லாது. நல்ல வேளை, பெரியப்பா முக்கியமான எல்லாவற்றையும் அடுத்தடுத்து இரண்டு முறை பதிந்திருந்தார். தட்டச்சு வேகத் தேர்வு புரோகிராமில் இரண்டு பிரதியுமே தோற்றன, ஆனால் வெவ்வேறு இடத்தில். முதல் பிரதியில் பின்பாதியில் ஒரு மங்கல், இரண்டாவதில் முன்பாதியில். முதலின் முன்பாதியையும் இரண்டாவதின் பின்பாதியையும் ஒட்ட வேண்டும். ஒட்டும் இடம் இரண்டிலும் ஒரே பிட்டாக இருக்க வேண்டுமே, எப்படிக் கண்டுபிடிப்பது?

அவருக்கு ஒரு பழக்கம். புரோகிராமின் பகுதிகளைப் பிரிக்க நடுநடுவே ரெம் வரி (கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாத குறிப்பு வரி) போட்டு, 30 நட்சத்திரக் குறி அடிப்பார். டைப்ரைட்டரில் கோடு போட்டுப் பழகிய கை. நட்சத்திரத்தின் எண் 42. இரட்டை எண் முறையில் 00101010. ஆடாசிட்டியில் பெரிதாக்கிப் பார்த்தால் பூஜ்யம் 21, 22 புள்ளி நீளம், ஒன்று 43 புள்ளி. ஒரு மாத்திரையும் இரண்டு மாத்திரையும். அந்த இடம் வரும்போது குறில் குறில் நெடில் குறில் நெடில் குறில் நெடில் குறில் என்று முப்பது தடவை அலை திரும்பத் திரும்ப வந்தது, அலகிட்டு வாசிக்கிற மாதிரி. இரண்டு பிரதியிலும் அந்த வரிசை முடிந்து அடுத்த வரி தொடங்கும் இடத்தில், அலை பூஜ்யக் கோட்டைக் கீழிருந்து மேலே தாண்டும் புள்ளியில் வெட்டி ஒட்டினேன். முதல் முறை ஓர் அலை பிசகிவிட்டது. இரண்டாவது முறை சரிபார்ப்பு பைட் ஒத்துவந்தது. இப்படி ஐந்து கோப்புகளை ஒட்டினேன்.

அந்த வேகத் தேர்வு புரோகிராமைப் பற்றி இரண்டு வரி சொல்லாமல் போக முடியாது. ஸ்பெக்ட்ரமில் நேரம் காட்டும் கட்டளை கிடையாது. ஆனால் 23672ஆம் முகவரி முதல் மூன்று பைட்டுகளில், டி.வி. திரை வரையும் ஒவ்வொரு முறையும் ஓர் எண் கூடிக்கொண்டே போகும், நொடிக்கு 50. பெரியப்பா அதை 'பீக்' கட்டளையால் படித்து, 50ஆல் வகுத்து, பத்து நிமிஷத் தேர்வுக்குக் கடிகாரமாக்கியிருந்தார். அடித்த எழுத்துகளை ஐந்தால் வகுத்தால் சொல். நிமிஷத்துக்கு 30 சொல் தாண்டினால் தட்டச்சுத் தேர்வில் லோயர் நிலை, 45 தாண்டினால் ஹையர். முதல் முறை நான் உட்கார்ந்து அடித்தேன். 27. "லோயர் கூட இல்ல" என்றார், நியாயமாக.

ஒரு கேசட் போயே போய்விட்டது. மாணவர் கட்டணக் கணக்கு இருந்த கேசட்டின் மேல் பெரியம்மா ஒரு கல்யாண நாதஸ்வரத்தைப் பதிந்திருந்தார். "நான் என்னத்தக் கண்டேன்? போட்டா கீச்சு கீச்சுன்னு கத்துச்சு, கெட்டுப்போன கேசட்டுன்னு நெனச்சேன்" என்றார். இரண்டு உருப்படிகளுக்கு நடுவே அவர் நிறுத்திப் போட்ட இடைவெளியில் ஒரே ஒரு கோப்பின் தலைப்பு மட்டும் தப்பியிருந்தது. பெயர் 'ஃபீஸ்89', நீளம் 3,914 பைட். அந்த 3,914 பைட் இருந்த இடத்தில் கெட்டிமேளம்.

மொத்தம் தலைப்பு தெரிந்தவை 73. முழுசாக வந்தவை, ஒட்டியதும் சேர்த்து, 66. வேவ் கோப்புகளையும் அழிக்காமல் தனி டிஸ்க்கில் வைத்திருக்கிறேன்.

செலவு: யு.எஸ்.பி. பெட்டி 1,350, ஸ்டீரியோ டெக் 900, சவுண்ட் கார்டு 190, ஸ்க்ரூடிரைவர் செட் 160, ஆல்கஹால் 100 மி.லி. 130, பெல்ட் இரண்டு 80, ஒயர், ஜாக், ரெசிஸ்டர் சில்லறை 70. ஆக 2,880. அந்தப் பெட்டியை வாங்காமல் இருந்திருந்தால் 1,530. விருதுநகர் கேசட்டுகள் இல்லாவிட்டால் 630 ரூபாயில் முடிந்திருக்கும். அடுத்த முறை செய்தால் முதல் நாளே பெல்ட், ஹெட் சுத்தம், திருகு, இந்த வரிசையில் முடித்துவிட்டுத்தான் லேப்டாப்பைத் திறப்பேன். ஒவ்வொரு கேசட்டையும் முழுசாக ஒரு முறை முன்னும் பின்னும் சுற்றிவிட்டுத்தான் போடுவேன். அதைச் செய்யாமல் போட்ட முதல் கேசட்டில் நாடா ஒட்டிக்கொண்டு இழுபட்டது. பதிந்த மெஷினையும், முக்கியமாக பதிந்த ஆளையும், பக்கத்தில் வைத்துக்கொள்வேன்.

ஞாயிற்றுக்கிழமை ஏறிய அந்தக் கோப்புக்கு வருகிறேன். அதன் பெயர் 'டாம்1'. தலைப்பில் நீளம் 168 0, முகவரி 88 255 என்று இருந்தது. அதாவது 168 பைட், 65368ஆம் முகவரி. ஸ்பெக்ட்ரம் தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும். நாமே வரைந்துகொள்ளும் எழுத்துகள் 21, ஒவ்வொன்றும் எட்டுக்கு எட்டுப் புள்ளி, எட்டு பைட். பெரியப்பா தமிழ் எழுத்து வரைந்திருக்கிறார். 247 எழுத்தை 21 கட்டத்தில் எப்படி அடைப்பது? டைப்ரைட்டர்க்காரரின் வழிதான். மெய்யைத் தனியாக, காலைத் தனியாக, கொம்பைத் தனியாக அடித்துச் சேர்ப்பது. அதுவும் போதாமல் 'டாம்2' 65200இலும், 'டாம்3' 65032இலும் இருந்தன. புரோகிராம் நடுவில் 23675, 23676 முகவரிகள் இரண்டிலும் 'போக்' கட்டளையால் எண்ணை மாற்றி மாற்றிப் போட்டு மூன்று தொகுப்புக்கும் தாவியிருக்கிறார். அகலமான எழுத்துகளுக்கு இரண்டு கட்டம்.

மூன்றையும் ஏற்றி ஓட்டினேன். திரையில் 'திருமங்கலம் தட்டச்சுப் பயிலகம்' என்று வரி வரியாக வந்தது. அடுத்த பக்கத்தில் 'பழகு தமிழ் பழகு' என்று ஒரு பயிற்சி. பெரியப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டே போனார்.

"ழவுக்கு வால் குறையுது. உன் கேசட்டு வேலைல ஒரு புள்ளி விட்டுப்போச்சு."

எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்துவிட்டது. சரிபார்ப்பு பைட் ஒத்திருப்பதைக் காட்டினேன். இரண்டாவது பிரதியையும் பதிந்து, இரண்டையும் பைட் பைட்டாக ஒப்பிட்டுக் காட்டினேன். 168ம் அச்சு அசல். ழவின் கடைசி பைட் இரண்டிலும் ஒன்றுதான்.

அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நாந்தான் தப்பாப் போட்டிருக்கேன். அன்னைக்கிருந்து ஒரு பயலும் சொல்லலையே!" என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, "போக்குக்கு எந்தச் சாவி இதுல?" என்று கேட்டார்.

இப்போது என் டிஸ்க்கில் 'டாம்1' இரண்டு இருக்கிறது. ஒன்று கேசட்டில் இருந்தபடி. இன்னொன்றில் ழவுக்கு வால் முழுசாக இருக்கிறது.